தாளுக்கு வரும் இணையம்: தமிழ் வலைப்பக்கங்களில் அச்சுப் பாணித்தாளின் வரலாறும் காத்திவாக்கத்தின் தேவையும்

ஆய்வுச் சுருக்கம்

திரையில் படிப்பதற்காக ஆக்கப்பட்ட வலைப்பக்கம் தாளில் அச்சாகும்போது எவ்வடிவம் பெறவேண்டும் என்பதை வரையறுக்கும் விதித்தொகுப்பே அச்சுப் பாணித்தாள். 1998ஆம் ஆண்டு முதல் உலகப் பொதுத்தரமாக இருந்துவரும் இக்கருவி தமிழ் இணையத்தில் ஏன் வேரூன்றவில்லை என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. எழுத்துருக் குறியாக்கச் சிக்கலுக்குப் பிடிஎப் கோப்பு அளித்த தீர்வே அச்சுப் பாணித்தாளின் தேவையைத் தமிழ்ச் சூழலில் மறைத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வடசென்னையின் காத்திவாக்கம் பகுதியில் அரசு ஆவணங்கள் தாளாக மாறவேண்டிய சூழல்களை முன்வைத்து, இக்குறைபாடு குடிமக்களின் சான்றுரிமையோடு தொடர்புடையது என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அச்சுப் பாணித்தாள், ஒருங்குறி, பிடிஎப், காத்திவாக்கம், எண்ணூர், மின்னணுச் சான்று, ஏ4 தாள்.

முன்னுரை

தமிழ்க் கணிமை வரலாறு பெரும்பாலும் உள்ளீட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. விசைப்பலகை, எழுத்துரு, குறியாக்கம், தேடல் ஆகியன பற்றி விரிவாகப் பேசிய ஆய்வுகள், திரையிலுள்ள தமிழ் மீண்டும் தாளுக்குத் திரும்பும் நிலையைப் போதிய அளவு கருதவில்லை. இணையம் வந்தபின் தாளின் தேவை ஒழியும் என்ற எதிர்பார்ப்பு இதற்கு ஒரு காரணமாகலாம். நடைமுறையில் அவ்வாறு நிகழவில்லை. மனுவோடு இணைக்க, கூட்டத்தில் படித்துக்காட்ட, வழக்குரைஞரிடம் கொடுக்க, வீட்டில் பாதுகாக்க என இன்றும் தாள் வேண்டியிருக்கிறது.

வீட்டில் அச்சுப்பொறி இல்லாத குடும்பங்கள் மிகுந்த தொழிற்பகுதிகளில் இத்தேவை ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம் ஆகியவற்றின் வழியாகவே நிறைவேறுகிறது. அங்கு ஒவ்வொரு பக்கத்திற்கும் விலை உண்டு. எனவே ஒரு வலைப்பக்கம் இரண்டு தாளில் அடங்குகிறதா, ஏழு தாளாக விரிகிறதா என்பதும், அடங்கிய பின் படிக்க முடிகிறதா என்பதும் வெறும் வடிவமைப்புச் சிக்கல்கள் அல்ல.

இவ்வாய்வு வரலாற்று முறையையும் விளக்க முறையையும் பின்பற்றுகிறது. தேவைப்படும் இடங்களில் தாளளவு, எழுத்தளவு குறித்த எளிய கணக்கீடுகளும் செய்யப்பட்டுள்ளன.

1. அச்சுப் பாணித்தாளின் தோற்றம்

வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்தல் வேண்டும் என்ற கருத்தை 1994 அக்டோபர் 10 அன்று ஹோகன் வியூம் லீ முன்வைத்தார். அப்போது அவர் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றினார். அம்முன்மொழிவே பெர்ட் போஸ் முதலியோரின் பங்களிப்புடன் சிஎஸ்எஸ் எனப்படும் விழுத்தொடர் பாணித்தாளாக வளர்ந்தது. அதன் முதற்பதிப்பு 1996 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. அது திரையையே முதன்மையாகக் கருதியது.

1998 மே மாதம் வெளிவந்த இரண்டாம் பதிப்பே அச்சுக்குரிய வரலாற்றுத் திருப்பம். திரை, அச்சு, கையடக்கக் கருவி, பிரெயில், ஒலி என ஊடகங்களை அது வகைப்படுத்தியது. ஒரே பக்கத்திற்குத் திரையில் ஒரு தோற்றமும் தாளில் வேறொரு தோற்றமும் வழங்க முடியும் என்ற நிலை இதனால் உருவாயிற்று. பக்க ஓரங்களை வரையறுத்தல், குறித்த இடத்தில் புதுப்பக்கம் தொடங்குதல், தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் அதன் உரை அடுத்த பக்கத்தின் தலையிலுமாகப் பிரியாமல் காத்தல், பத்தியின் ஒற்றை வரி தனித்து நில்லாமல் தடுத்தல் ஆகிய விதிகள் அதில் இடம்பெற்றன. பக்கங்கள்தோறும் தொடரும் அட்டவணையில் தலைப்பு வரிசை மீண்டும் அச்சாவதற்கும் அது இடமளித்தது. இவை அனைத்தும் அச்சுக்கோப்பாளர் நெடுங்காலமாகக் கைவழக்காகப் பின்பற்றியவை. அவற்றை எழுத்துவடிவ விதிகளாக்கியது என்ற வகையில் இரண்டாம் பதிப்பு அச்சுமரபின் தொடர்ச்சியே ஆகும்.

எரிக் மேயர் 2002இல் எழுதிய வழிகாட்டுக் கட்டுரை இவ்விதிகளை வடிவமைப்பாளரிடையே பரவலாக்கியது. வழிசெலுத்தும் பட்டைகளை மறைத்தல், எழுத்தளவைப் புள்ளிக் கணக்கில் தருதல், இணைப்புகளின் முகவரியை அடைப்புக்குறிக்குள் அச்சிடுதல் ஆகியன அதன் பின்னர் வழக்கமாயின. 2005இல் ஹோகன் வியூம் லீயும் பெர்ட் போசும் பாணித்தாள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பதிப்பைப் பாணித்தாளைக் கொண்டே அச்சுக்கு ஆயத்தம் செய்தனர். ஒரு முழுநூலையே இவ்வாறு பக்கப்படுத்த இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று.

எனினும் உலாவிகளின் ஆதரவு சீராக வளரவில்லை. பக்க ஓரத்தில் பக்க எண்ணையோ ஆவணத் தலைப்பையோ ஆக்குநரே அமைக்கும் வசதி குரோம் உலாவியில் 2024 நவம்பரில், 131ஆம் பதிப்பில்தான் வந்தது. தரத்திற்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்நீண்ட இடைவெளியை மனத்திற்கொண்டே தமிழ்ச் சூழலை மதிப்பிடல் வேண்டும்.

2. எழுத்துருக் காலமும் பிடிஎப் அளித்த தீர்வும்

சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு உருவான ஆண்டுகளில் தமிழ் இணையம் வேறொரு சிக்கலில் இருந்தது. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும் அதைக் காட்டவல்ல இயங்குதளம் பொதுமக்களிடம் இல்லை. எட்டுபிட் எழுத்துருக்களே வழங்கின. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடும் இக்குழப்பத்திற்கு முடிவுகாண முயன்றன. மடலாடற்குழு வழியே உருவான தகுதரமும் சென்னை மாநாட்டின் விளைவான டாம், டாப் குறியாக்கங்களும் இம்முயற்சியின் பயன்கள்.

இக்காலத்தில் ஒரு தமிழ் வலைப்பக்கத்தை அச்சிடுதல் என்பது முதலில் எழுத்துருச் சிக்கல். உரிய எழுத்துரு நிறுவப்படாத கணினியில் திரையிலும் தாளிலும் பொருளற்ற இலத்தீன் குறிகளே தோன்றும். தமிழ் எழுத்தே தாளில் வராத நிலையில், பத்தியின் கடைசி வரி எந்தப் பக்கத்தில் விழுகிறது என்ற கேள்விக்கு இடமில்லை.

இந்நிலையில் எழுத்துருவைத் தன்னுள்ளேயே பொதித்துவைக்கும் பிடிஎப் கோப்பு தமிழுக்குப் பெருந்துணையாயிற்று. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இவ்வடிவம், எந்தக் கணினியிலும் ஒரே தோற்றத்தில் அச்சாகும். சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்து 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளை வலைப்பக்கங்களாகவும் பிடிஎப் கோப்புகளாகவும் வழங்கியது. திரையில் படிப்பதற்கு ஒன்று, அச்சிடுவதற்கு மற்றொன்று என்ற பணிப்பகிர்வு இங்கு வழக்கமாயிற்று.

பிடிஎப் ஒரே நேரத்தில் எழுத்துருச் சிக்கலையும் பக்க அமைப்புச் சிக்கலையும் தீர்த்துவிட்டது. ஆதலின் இரண்டாவது சிக்கல் தனியே ஒரு சிக்கலாகத் தமிழ்க் கணிமையாளரின் பார்வைக்கு வரவில்லை. ஆங்கில வலையுலகில் எழுத்துருச் சிக்கல் இல்லாமையால் பக்க அமைப்புச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. அச்சுப் பாணித்தாளும் அதற்கு விடையாக வளர்ந்தது. தமிழில் நிகழ்ந்த தாமதத்தை ஆர்வக் குறைவாகவோ திறன் குறைவாகவோ கொள்வது பொருந்தாது. முந்திய சிக்கலுக்குக் கிடைத்த நல்ல தீர்வே பிந்திய சிக்கலை மறைத்தது எனலாம்.

3. ஒருங்குறிக் காலம்: தீர்ந்த சிக்கலும் தீராத வழக்கமும்

விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவளித்தது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே வளர்ந்தது. 2010 ஜூன் மாதம், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியாக்கமான டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது. இதன்பின் எழுத்துருவின்பொருட்டுப் பிடிஎப்பை நாடவேண்டிய கட்டாயம் குறைந்தது.

ஆயினும் அச்சிடுவதற்குப் பிடிஎப் என்ற வழக்கம் நீடித்தது. இவ்வழக்கத்தால் மூன்று விளைவுகள் நேர்ந்தன. முதலாவதாக, பழைய எட்டுபிட் எழுத்துருவில் ஆக்கப்பட்ட பிடிஎப் கோப்புகள் அச்சில் செம்மையாகத் தோன்றினும் அவற்றில் தமிழ்ச் சொல்லைத் தேடவோ படியெடுக்கவோ இயலாது. இரண்டாவதாக, வலைப்பக்கமும் அதன் பிடிஎப்பும் இரு தனிப்பிரதிகளாகின்றன. ஒன்று திருத்தப்பட்டு மற்றொன்று திருத்தப்படாமல் விடப்படும்போது எது மூலம் என்ற பாடபேதச் சிக்கல் எழுகிறது. மூன்றாவதாக, பிடிஎப் வழங்கப்படாத பக்கங்கள் அச்சுக்கு முற்றிலும் ஆயத்தமற்றவையாக நிற்கின்றன.

இதற்கு மாறான எடுத்துக்காட்டாகத் தமிழ் விக்கிப்பீடியாவைக் கூறலாம். அதன் அடித்தளமான மீடியாவிக்கி மென்பொருளில் அச்சுப் பாணித்தாள் உள்ளமைந்தது. பக்கவாட்டுப் பட்டியல்கள் அச்சில் மறைகின்றன; வெளியிணைப்புகளின் முகவரி அச்சாகிறது; பக்கத்தின் எந்தத் திருத்தப்பதிப்பு அச்சிடப்பட்டது என்பதற்குரிய எண் அடியில் இடம்பெறுகிறது. தமிழ்ப் பங்களிப்பாளர் தனியே முயலாமலே இவ்வசதி தமிழுக்குக் கிட்டியது. மென்பொருளின் அடித்தளத்திலேயே அமைந்துவிட்டால் அச்சொழுங்கு தானே பரவும் என்பதற்கு இது சான்று.

அரசுத் தளங்களைப் பொறுத்தவரை விதி இல்லாமல் இல்லை. தேசியத் தகவலியல் மையம் 2009இல் வெளியிட்ட இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள், உரை திரையிலும் அச்சிலும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்றும், பக்கம் ஏ4 தாளில் சரிவர அச்சாதல் வேண்டும் என்றும் கூறுகின்றன. இவ்வொரு வரியை நிறைவேற்றும் கருவியே அச்சுப் பாணித்தாள். ஆயின் ஆங்கிலப் பக்கத்திற்குப் போதுமான ஏற்பாடு தமிழ்ப் பக்கத்திற்குப் போதுமா என்பது தனியே ஆராயத்தக்கது.

4. தாளின் அளவும் தமிழின் அளவும்

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இருபுறமும் 20 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எஞ்சுவது 170 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்திற்கு 96 பிக்சல் என்ற பாணித்தாள் கணக்கில் இது ஏறத்தாழ 643 பிக்சல். 1024 பிக்சல் நிலையகலத்தில் ஆக்கப்பட்ட பக்கத்தை இதனுள் அடக்கினால் அது 63 விழுக்காடாகச் சுருங்கும். திரையில் 16 பிக்சல், அதாவது 12 புள்ளியளவில் இருந்த எழுத்து தாளில் ஏழரைப் புள்ளியாகிவிடும். ஆங்கில எழுத்து இவ்வளவிலும் ஓரளவு படிக்கப்படும். சுழிகளும் வளைவுகளும் மேல்கீழ்க் குறிகளும் நிறைந்த தமிழ் எழுத்து அவ்வாறன்று. ண, ன வேறுபாடும் இகர ஈகார வேறுபாடும் மெய்யின் புள்ளியும் மங்கிய அச்சில் முதலில் மறைவன. ஒளிநகலெடுக்கும்போது இவ்விழப்பு மேலும் கூடும். இதற்குரிய தீர்வு, அச்சுக்கென எழுத்தளவைப் புள்ளிக் கணக்கில் தனியே தந்து, நிலையகலத்தை நீக்கிவிடுவதே.

இணைப்பு முகவரியை அச்சிடும் மேலைவழக்கும் தமிழில் அப்படியே பொருந்தாது. காத்திவாக்கம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ் மரபுப்படி இதில் ஏழு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் இது 13 குறியெண்களாகும். வலைமுகவரியில் விழுக்காட்டுக் குறியாக்கம் பெறும்போது ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டாகவும், ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாகவும் விரியும். ஆக, ஏழெழுத்துச் சொல் 117 குறிகள் கொண்ட, எவரும் படிக்கவோ மீண்டும் தட்டச்சு செய்யவோ இயலாத தொடராகிறது. தமிழ்ச்சொல்லை முகவரியில் கொண்ட பக்கங்களுக்குக் குறுகிய நிலைமுகவரியோ விரைவுக்குறியோ அச்சில் இடம்பெறுதல் வேண்டும். இது மேலைநூல்களில் காணப்படாத, தமிழ் முதலிய பிறவெழுத்து மொழிகளுக்கே உரிய தேவை.

வண்ணமும் கருதத்தக்கது. உலாவிகள் பொதுவாகப் பின்னணி வண்ணத்தை அச்சிடுவதில்லை. கருநிறப் பட்டையில் வெண்ணிறத்தில் அமைந்த துறைப்பெயர் தாளில் தெளிவற்றுப் போக நேரிடும். சிவப்பால் மட்டும் வேறுபடுத்தப்பட்ட எச்சரிக்கை கறுப்புவெள்ளை அச்சில் பிறவரிகளோடு ஒன்றிவிடும். சொடுக்கினால் மட்டும் விரியும் மடிப்புப் பகுதிகள், சொடுக்காமல் அச்சிடப்பட்டால் தாளில் இடம்பெறா. தாளைப் பெற்றவருக்கு அப்படி ஒரு பகுதி இருந்ததென்பதே தெரியாமற்போகும்.

5. காத்திவாக்கம்: தாள் வேண்டியிருக்கும் ஊர்

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியது காத்திவாக்கம். நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, இன்று திருவொற்றியூர் மண்டலத்தில் அடங்குகிறது. அவ்விரிவாக்கத்தில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 ஆக உயர்ந்தது. வருவாய் நிருவாகத்தில் திருவள்ளூர் மாவட்டத்தோடு இருந்த இப்பகுதி 2018இல் சென்னை மாவட்டத்திற்கு மாறியது. எனவே ஒரே வீட்டுக்குரிய ஆவணங்கள் வெவ்வேறு உள்ளாட்சிகளின், மாவட்டங்களின் பெயர்களில் அமைந்திருக்க வாய்ப்புண்டு. ஓர் உள்ளாட்சி மறையும்போது அதன் வலைத்தளம் தொடர்ந்து இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உரிய காலத்தில் அச்சிட்டுவைத்த தாளே குடிமகனிடம் எஞ்சும்.

இவ்வூரின் அண்மை வரலாறு அறிவிப்புகளின் வரலாறும் ஆகும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26 அன்று இரவு பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இத்தகைய ஒவ்வொரு நிகழ்வும் செய்திக்குறிப்பு, ஆய்வறிக்கை, தீர்ப்பாய ஆணை, நிவாரண அறிவிப்பு எனப் பல ஆவணங்களைத் தோற்றுவிக்கும். அவற்றுள் பல இணையத்திலேயே முதலில் வெளியாகின்றன.

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் இருத்தல் வேண்டும் என்கிறது. வட்டார மொழியின் முதன்மையை 2020இல் எழுந்த வழக்கும் காட்டும். புதிய வரைவு அறிவிக்கையை அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று ஆணையிட்டது. ஆயின் தமிழில் வெளியிடுதலோடு கடமை முடிவதில்லை. அத்தமிழ், ஊர்க் கூட்டத்தில் கைமாறத்தக்க தாளாகவும் வரவேண்டும். 30 நாள் என்ற கெடுவுக்குள் படித்து, விவாதித்து, எழுத்துமூலம் மறுப்புரைக்க வேண்டியவருக்குப் படிக்கவியலாத அச்சு, கிடைக்காத ஆவணத்திற்கு ஒப்பானதே.

வரைபடங்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. எண்ணூர்க் கழிமுகத்தைக் கடற்கரை மண்டல வரைபடங்கள் எவ்வாறு காட்டுகின்றன என்பது நெடுநாள் தகராறு. 1996இல் ஏற்பளிக்கப்பட்ட வரைபடமும் பின்வந்த வரைபடமும் முரண்படுவதாக மீனவர் தரப்பும் சூழலியலாளரும் வாதிட்டுள்ளனர். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத் திட்ட வரைபடங்களுக்குரிய அளவுத்திட்டம் 1:25,000. இதில் ஒரு செ.மீ. என்பது நிலத்தில் 250 மீட்டர். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் என்பது தாளில் இரண்டு செ.மீ. மேற்கூறிய 63 விழுக்காட்டுச் சுருக்கத்தில் அது ஒன்றேகால் செ.மீட்டராகிவிடும். அச்சிட்டவர் அளவுகோல் வைத்து, தலைப்பிலுள்ள 1:25,000 என்ற எண்ணை நம்பிக் கணக்கிட்டால் 500 மீட்டரை ஏறக்குறைய 310 மீட்டர் என்றே கொள்வார். வரைபடத்தோடு சேர்ந்தே சுருங்கும் அளவுக்கோடு ஒன்றை அதனுள் வரைந்திருப்பதும், அச்சில் படத்தின் அகலத்தைச் செ.மீ. கணக்கில் நிலைப்படுத்துவதும் இப்பிழையைத் தவிர்க்கும் எளிய வழிகள்.

6. சான்றாகும் தாள்

2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், இந்தியச் சான்றுச் சட்டத்தில் 65ஆ பிரிவைச் சேர்த்தது. உரிய நிபந்தனைகள் நிறைவேறின், கணினியிலிருந்து தாளில் அச்சிடப்பட்டதும் ஆவணமாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். அதற்குரிய சான்றிதழின் கட்டாயத்தை உச்சநீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கிலும் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

அச்சுப் பாணித்தாள் சான்றிதழுக்கு மாற்றாகாது. ஆயினும் எந்தப் பக்கம், எந்த முகவரியில், எந்த நாளில், எந்தப் பதிப்பில் இருந்தது, இது எத்தனையாவது தாள் ஆகியவற்றைத் தாளே கூறுமாயின் அதை அடையாளங்காணுதல் எளிதாகும். தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் பெறப்படும் பட்டா நகல் தன் சரிபார்ப்பு எண்ணையும் விரைவுக்குறியையும் தாளிலேயே தாங்கிவருவது இவ்வகையில் நல்ல முன்மாதிரி. தாளைக் கையில் பெறும் அலுவலர் அதன் மூலத்தை மீண்டும் இணையத்தில் காண இயலும்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது திரைப்பிடிப்பு. வலைப்பக்கம் ஒழுங்காக அச்சாகாதபோது கைபேசியில் அதைப் படமாகப் பிடித்து, வாட்ஸ்அப் வழியே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி அச்சிடுவது இன்றைய நடைமுறை. அப்படத்தில் முழுமுகவரி இல்லை. பக்கத்தின் முன்பின் பகுதிகள் இல்லை. எழுத்து எழுத்தாக இல்லாமல் படமாகவே உள்ளது. பக்கத்தை ஆக்கியவர் செய்யாது விட்ட சில வரி விதிகளின் சுமை, சான்று தேடுபவர்மீது இவ்வாறு இறங்குகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. அச்சுப் பாணித்தாள் 1998 முதல் பொதுத்தரமாக இருப்பினும், அக்காலத் தமிழ் இணையம் எழுத்துருச் சிக்கலில் ஆழ்ந்திருந்தது. பிடிஎப் அளித்த தீர்வு பக்க அமைப்பைத் தனிச்சிக்கலாகக் காணும் வாய்ப்பைத் தள்ளிப்போட்டது.

2. ஒருங்குறி நிலைபெற்றபின் பிடிஎப்பின் கட்டாயம் குறைந்தும் வழக்கம் நீடித்தது. இரு பிரதிகளுக்கிடையிலான பாடபேதம், தேடவியலாமை ஆகியன இதன் விளைவுகள்.

3. ஆங்கிலப் பக்கத்திற்கான அச்சு விதிகளை அப்படியே ஏற்பது தமிழுக்குப் போதாது. குறைந்த அளவில் சிதையும் எழுத்துவடிவும், ஏழெழுத்துச் சொல் 117 குறிகளாக விரியும் முகவரிச் சிக்கலும் தனி ஏற்பாடுகளை வேண்டுகின்றன.

4. காத்திவாக்கம் போன்ற, நிருவாக எல்லைகள் மாறிய, சூழலியல் அறிவிப்புகள் மிகுந்த பகுதிகளில் அச்சுத்தாள் சான்றாகவும் நினைவாகவும் பயன்படுகிறது. அரசு வழிகாட்டு நெறிமுறையில் உள்ள ஏ4 விதியைத் தமிழ்ப் பக்கங்களில் சோதித்து உறுதிசெய்வது, தகவல் பெறும் உரிமையை நிறைவுசெய்யும் பணியாகும்.

சுவடியிலிருந்து அச்சுக்கு மாறியபோது தமிழ்நூல்கள் பெற்ற மாற்றங்களைப் பதிப்பு வரலாற்றாய்வு விரிவாகப் பதிவுசெய்துள்ளது. திரையிலிருந்து தாளுக்கு நிகழும் இப்பெயர்ச்சியும் அவ்வாய்வின் எல்லைக்குள் வரத்தக்கதே. பிற கடலோரத் தொழிற்பகுதிகளின் அரசு வலைப்பக்கங்களைத் தாளில் அச்சிட்டு ஒப்பிடும் ஆய்வுகள் இத்துறையில் மேலும் தொடரத்தக்கவை.